கொயினா மலையும் மரபணு மருத்துவமும்

உதகமண்டலத்திலிருந்து கூடலூருக்கு இறங்கும் நெடுஞ்சாலையில், பைக்காராவுக்கு அப்பால் அமைந்த சிற்றூர் நடுவட்டம். தேயிலைத் தோட்டங்களின் பசுமையில் கண்ணைப் பறிகொடுத்துச் செல்லும் பயணிகள் இவ்வூரின் பழைய வரலாற்றை அறிவதில்லை. தேயிலை இங்குப் பின்னர்த் தழைத்தது. அதற்கு முன் இம்மலைச் சரிவுகளில் ஓங்கி நின்றது சிங்கோனா என்னும் மரம். அம்மரப்பட்டையிலிருந்து எடுக்கப்படும் மருந்தே குனைன். நம் முதியோர் நாவில் அது கொயினா. மலேரியா என்னும் முறைக்காய்ச்சலுக்கு உலகம் நெடுங்காலம் நம்பியிருந்த ஒரே மருந்து அதுவே.

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடருக்கு உரிய இம்மரத்தை இந்தியாவிற்குக் கொண்டுவரும் பணி 1860-ஆம் ஆண்டளவில் கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்னும் ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்டது. உதகைத் தாவரவியல் பூங்காவை உருவாக்கிய மெக்ஐவர் அதனை நீலகிரியில் பயிராக்கிக் காட்டினார். நடுவட்டத்தில் அரசுத் தோட்டம் எழுந்தது. பின்னர்க் குனைன் ஆலையும் எழுந்தது. காடு திருத்தும் வேலைக்கு, மலாய்ப் பகுதிகளிலிருந்து சென்னை மாகாணச் சிறைகளுக்கு அனுப்பப்பட்டிருந்த சீனக் கைதிகளைக் கொண்டுவந்து இங்கே சிறைவைத்தனர். தண்டனைக் காலம் முடிந்த சிலர் தமிழ்ப் பெண்களை மணந்து இப்பக்கமே குடியமர்ந்தனர் என எட்கர் தர்ஸ்டன் எழுதி வைத்துள்ளார். மருந்தின் வரலாற்றில் மருந்துண்டவர் பெயரும் மருந்து கண்டவர் பெயரும் நிற்கும். மரம் நட்டவர் பெயர் நிற்பதில்லை.

நடுவட்டத்திலிருந்து சாலை வளைந்து வளைந்து கீழிறங்கினால் கூடலூர், தேவாலா, பந்தலூர். இத்தாழ்நிலங்களும் இவற்றையடுத்த வயநாடும் ஒரு காலத்தில் காய்ச்சலுக்குப் பெயர்போனவை. தோட்ட வேலைக்கும், 1880-களில் தேவாலாவில் தங்கம் தேடும் வேலைக்கும் வந்தோர் பலர் காய்ச்சலில் மடிந்தனர். ஆயின், அதே காட்டில் பல தலைமுறைகளாக வாழ்ந்துவந்த பணியர், குறும்பர், இருளர் ஆகிய பழங்குடி மக்கள் அழிந்துவிடவில்லை. மேலே மலையில் மனிதர் மரப்பட்டையைக் காய்ச்சி மருந்து செய்துகொண்டிருந்த காலத்திலேயே, கீழே காட்டில் இயற்கை அம்மக்களின் குருதியிலேயே ஒரு காப்பை வைத்திருந்தது. அக்காப்பே சிலருக்குக் கொடுநோயாகவும் ஆனது. அந்நோயையும் அதனையொத்த பிறவி நோய்களையும் தீர்க்க, வேலூரிலும் பிற இடங்களிலும் இன்று நடைபெறும் ஆராய்ச்சியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அரிவாள் வடிவக் குருதியணு

நம் குருதிக்குச் செந்நிறம் தருபவை சிவப்பணுக்கள். அவை வட்டமாக, நடுவில் சற்றே குழிந்து, நெகிழ்ந்து வளையும் தன்மை உடையன. மயிரிழையினும் நுண்ணிய குழாய்களில் அவை நெளிந்து செல்ல முடிவது இத்தன்மையால்தான். 1910-ஆம் ஆண்டு சிகாகோ நகர மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக், கரீபியத் தீவாகிய கிரெனடாவிலிருந்து வந்த ஒரு மாணவரின் குருதியில், பிறை போன்றும் கதிரறுக்கும் அரிவாள் போன்றும் வளைந்த அணுக்களைக் கண்டு எழுதினார். அரிவாளணுச் சோகை என்னும் நோய் மருத்துவ ஏடுகளில் இடம்பெற்றது அப்போதுதான்.

வளைந்த அணு விறைத்துப்போகும். நுண்குழாய்களில் சிக்கி வழியடைக்கும். அடைபட்ட இடத்திற்குக் கீழே உயிர்க்காற்று செல்லாமையால் எலும்பிலும் மூட்டிலும் மார்பிலும் தாங்கொணா வலி எழும். 120 நாள் வாழவேண்டிய அணு 10, 20 நாட்களிலேயே சிதைவதால் சோகையும் உடன் சேரும். குழந்தைப் பருவத்தில் கிருமித் தொற்றுகளால் இறப்பு நேர்வதும் உண்டு. வெளித்தோற்றத்தில் காயமோ வீக்கமோ இன்றி ஒருவர் வலியால் துடிக்கும்போது, வேலைக்கு அஞ்சி நடிக்கிறான் என்று மேற்பார்வையாளர் கூறிய கதைகள் தோட்டப் பகுதிகளில் இன்றும் வழங்குகின்றன.

இந்நோய் ஆப்பிரிக்க வழியினர்க்கே உரியது என நாற்பது ஆண்டுகள் உலகம் எண்ணியிருந்தது. அவ்வெண்ணத்தைத் திருத்திய இடம் நம் நீலகிரி. ஹெர்மன் லேமன் என்னும் உயிர்வேதியியல் அறிஞரும் மேரி கட்புஷ் என்னும் குருதியியல் அறிஞரும் நீலகிரி மக்களிடையே குருதிச் சோதனை செய்து, 1952-இல் பிரித்தானிய மருத்துவ இதழில் தம் முடிவை வெளியிட்டனர். இருளர், குறும்பர், பணியர் ஆகியோரிடம் இப்பண்பு மிகுந்தும், படுகர், தோடர் ஆகியோரிடம் குறைந்தும் காணப்பட்டது. இந்தியாவில் அரிவாளணு கண்டறியப்பட்ட செய்தி இவ்வாறு நம் மலையிலிருந்தே உலகிற்குச் சென்றது.

காட்டுமக்களிடம் இது மிகுந்திருப்பதன் காரணத்தையும் அதே பத்தாண்டு வெளிப்படுத்தியது. கென்யாவில் வளர்ந்த அந்தோனி அல்லிசன் 1954-இல், இப்பண்பைத் தாய் தந்தையருள் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்ற குழந்தைகளைக் கொடிய மலேரியா எளிதில் கொல்வதில்லை எனக் காட்டினார். இத்தகைய தொடர்பு இருக்கக்கூடும் என்னும் கருத்தை, தாலசீமியா என்னும் வேறொரு குருதிநோயை முன்னிட்டு 1949-இலேயே கூறியவர் ஜே. பி. எஸ். ஹால்டேன், 1957-இல் இந்தியாவில் குடியேறி 1964-இல் புவனேசுவரத்தில் மறைந்த அதே ஹால்டேன்தான். மலேரியா மிகுந்த காட்டில், ஒற்றைப் பங்கு பெற்றவர் பிழைத்தார். இரட்டைப் பங்கு பெற்றவர் நோயுற்றார். எப்பங்கும் பெறாதவர் காய்ச்சலில் மாண்டார். ஆகவே பழுதுடைய அம்மரபணு அழியாமல் தலைமுறை தோறும் தொடர்ந்து வந்தது. கொயினா செய்த வேலையை அது பெரும் விலை பெற்றுக்கொண்டு செய்தது எனலாம்.

ஓரெழுத்துப் பிழை

மரபணு என்பது யாது? தமிழ் பயில்வோர்க்கு இதனை விளக்குவது எளிது. ஏட்டுச்சுவடியைப் பார்த்து ஏடு எழுதுவோர் ஓரிடத்தில் ஓரெழுத்தை மாற்றி எழுதிவிட்டால், அடுத்துப் படியெடுப்பவரும் அதனையே எழுதுவார். பிழை வழிவழியாக நிலைபெறும். பரவை கடலாகும், பறவை புள்ளாகும். மாறியது ஓரெழுத்துத்தான், பொருளோ வானுக்கும் கடலுக்கும் உள்ள தொலைவு. 1842-ஆம் ஆண்டு சீறாப்புராணத்தை அச்சேற்றிய செய்கப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் போன்ற பெருமக்கள் ஏடுகளோடு பட்ட பாட்டை இலக்கிய வரலாறு பயில்வோர் அறிவர்.

நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் இத்தகைய சுவடி ஒன்று உண்டு. அது டி.என்.ஏ. எனப்படும். அதன் எழுத்துகள் நான்கே: ஏ, டி, ஜி, சி. இந்நான்கும் ஏறத்தாழ 300 கோடி இடங்களில் மாறிமாறி அமைந்து, 23 இணைக் குரோமோசோம்கள் என்னும் கட்டுகளாகப் பகுக்கப்பட்டுள்ளன. ஒவ்வோர் இணையிலும் ஒன்று தந்தை வழி. மற்றொன்று தாய் வழி. இச்சுவடியில் ஒரு புரதத்தைச் செய்யும் முறையைக் கூறும் பகுதியே மரபணு. மூன்று எழுத்து சேர்ந்தால் ஒரு சொல். ஒரு சொல்லுக்கு ஓர் அமினோ அமிலம். அமினோ அமிலங்கள் கோவைபோல் தொடுக்கப்பட்டால் புரதம்.

சிவப்பணுக்களை நிரப்பியுள்ள ஹீமோகுளோபின் அத்தகைய ஒரு புரதம். அதன் பீட்டா இழையில் 146 அமினோ அமிலங்கள் உள்ளன. அரிவாளணு நோயினரின் ஹீமோகுளோபின் மின்தன்மையில் வேறுபட்டது என்பதை 1949-இல் லைனஸ் பாலிங் குழுவினர் கண்டனர். மூலக்கூறு ஒன்றின் பழுதே ஒரு நோய் என்னும் கருத்து அன்று பிறந்தது. வெர்னன் இங்கிராம் 1950-களின் பிற்பகுதியில், அப்பழுது பீட்டா இழையின் ஆறாம் இடத்தில் மட்டும் உள்ளதெனவும், குளூட்டாமிக் அமிலம் இருக்கவேண்டிய அவ்விடத்தில் வேலின் என்னும் அமிலம் உள்ளதெனவும் காட்டினார். சுவடியில் ஜி-ஏ-ஜி என இருக்கவேண்டிய சொல் ஜி-டி-ஜி என ஆகியிருக்கிறது. முந்நூறு கோடி எழுத்தில் ஓரெழுத்து! அதன் விளைவோ, ஒரு மனிதன் வாழ்நாள் முழுதும் அனுபவிக்கும் வலி.

பிழையை அறிந்துவிட்டால் திருத்தலாமே என்று மாணவர் கேட்பர். ஏட்டில் என்றால் எழுத்தாணி உண்டு. நூலில் என்றால் பிழைதிருத்தப் பட்டியல் உண்டு. கோடானுகோடி உயிரணுக்களுக்குள் சென்று எழுதும் எழுத்தாணி எது? விஞ்ஞானிகள் கண்ட விடை வியப்பிற்குரியது. அது நச்சுயிர், அதாவது வைரஸ்.

பகைவனே தூதுவன்

வைரஸ் தனித்து வாழ வல்லதன்று. புரத உறையொன்றுள் மடித்து வைக்கப்பட்ட சிறு மரபுச் செய்தியே அது. உயிரணுவின் கதவைத் திறந்து உட்புகுந்து, தன் செய்தியை அதன் சுவடியோடு சேர்த்து, அவ்வணுவையே தனக்கு வேலை செய்ய வைப்பது அதன் தொழில். அச்செய்தியிலுள்ள தீங்கு விளைக்கும் பகுதிகளை நீக்கிவிட்டு, அவ்விடத்தில் நோயாளிக்குத் தேவையான நல்ல மரபணுவை வைத்து அனுப்பினால் என்ன? உறையும் கதவு திறக்கும் திறவுகோலும் வைரசினுடையவை. உள்ளிருக்கும் கடிதம் மட்டும் நம்முடையது. மரபணு மருத்துவத்தின் அடிப்படை இதுவே.

1990 செப்டம்பரில் அமெரிக்காவில், நோய் எதிர்ப்பாற்றல் இன்றிப் பிறந்த நான்கு வயதுச் சிறுமி ஒருவருக்கு இம்முறை முதன்முதலில் கையாளப்பட்டது. அதன்பின் உலகெங்கும் பெருநம்பிக்கை எழுந்தது. நம்பிக்கை நிதானத்தை முந்தியது. 1999 செப்டம்பரில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக ஆய்வொன்றில், அடினோவைரஸ் செலுத்தப்பட்ட ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்னும் 18 வயது இளைஞர் நான்கு நாட்களில் உயிரிழந்தார். பாரிஸ் நகரில், எதிர்ப்பாற்றலற்ற குழந்தைகளை மரபணு மருத்துவத்தால் மீட்டெடுத்த மகிழ்ச்சி அடங்குமுன், அவர்களுட் சிலருக்கு இரத்தப் புற்றுநோய் தோன்றியது. தூதுவன் கடிதத்தை எங்கே செருகினான் என்பதே சிக்கல். புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடிய மரபணு ஒன்றன் அருகே செருகி, அதனைத் தூண்டிவிட்டிருந்தான். இவ்வரலாற்றைச் சொல்லாமல் வெற்றியை மட்டும் சொல்லும் கட்டுரைகள் இப்போது மிகுதி. அறிவியலின் மதிப்பு அதன் தோல்விகளையும் எழுதி வைப்பதில் இருக்கிறது.

பாதுகாப்பான தூதுவனைத் தேடிய முயற்சியில் இரு வகை வைரஸ்கள் முன்னணிக்கு வந்தன. ஒன்று, ஏ.ஏ.வி. எனப்படும் சிறு வைரஸ். அது பெரும்பாலும் கடிதத்தைச் சுவடியில் தைக்காமல், உயிரணுவின் உட்கருவில் தனித்தாளாக வைத்துவிடும். கல்லீரலுக்கும் கண்ணுக்கும் இது ஏற்றது. ஆயின், உயிரணு பிளந்து பெருகும் இடங்களில் தனித்தாள் தொலைந்துபோகும். மேலும், இவ்வைரசை முன்னரே சந்தித்து எதிர்ப்பொருள் பெற்றிருப்போர் உடலில் அது நுழையவே முடியாது.

மற்றொன்று லென்டிவைரஸ். இது எய்ட்ஸ் நோயை உண்டாக்கும் எச்.ஐ.வி. இனத்தைச் சார்ந்தது என்றால் படிப்போர் திடுக்கிடுவர். 1996-இல் லூய்ஜி நால்தினியும், பஞ்சாபில் பிறந்த இந்தர் வர்மாவும், அவர்தம் உடனாய்வாளரும், எச்.ஐ.வி.யின் மரபுச் செய்தியைத் துண்டு துண்டாகப் பிரித்து, நோய் உண்டாக்கும் பகுதிகளை ஒதுக்கி, ஒருமுறை நுழைந்தபின் மீண்டும் பெருக இயலாத ஒரு கடத்தியாக அதனை மாற்றிக் காட்டினர். அது கடிதத்தைச் சுவடியில் நிலையாகத் தைத்துவிடும். ஆதலால், குருதியணுக்கள் அனைத்திற்கும் தாயாகிய எலும்பு மச்சைக் குருத்தணுக்களில் அதனைச் செலுத்தினால், அவற்றின் வழிவரும் அணுக்கள் யாவும் திருத்திய பாடத்தோடு பிறக்கும்.

2014-இல் பாரிஸ் நெக்கர் மருத்துவமனையில், 13 வயதுச் சிறுவன் ஒருவனின் அரிவாளணு நோய்க்கு லென்டிவைரஸ் வழியே சிகிச்சை அளிக்கப்பட்டது; அவன் நலமுற்ற செய்தி 2017-இல் வெளிவந்தது. 2023 டிசம்பர் 8 அன்று அமெரிக்க மருந்து நிர்வாகம் இந்நோய்க்கு இரு மரபணு மருந்துகளை ஒரே நாளில் ஏற்றது. ஒன்று லென்டிவைரஸ் வழிப்பட்ட லிஃப்ஜீனியா; மற்றொன்று வைரஸ் கடத்தியின்றி கிரிஸ்பர் என்னும் மரபணுக் கத்தரியைப் பயன்படுத்தும் காஸ்ஜெவி. பின்னது கையாளும் உத்தி நயமானது. கருவில் இருக்கும்போது நமக்கு வேறொரு ஹீமோகுளோபின் உண்டு. பிறந்தபின் அது நின்றுவிடும். நிறுத்தும் ஆணையை நீக்கிவிட்டால் பழைய நல்ல ஹீமோகுளோபின் மீண்டும் சுரக்கும். பி.சி.எல்.11ஏ என்னும் அவ்வாணையின் இயல்பை 2008-இல் வெளிப்படுத்தியவர்களுள் ஒருவர் விஜய் சங்கரன். அவர் அப்போது ஸ்டூவர்ட் ஆர்கின் ஆய்வகத்தில் மாணவர்.

வேலூரில் நிகழ்ந்தது

இனி நம் மாநிலத்திற்கு வருவோம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986-லேயே மச்சை மாற்றுச் சிகிச்சை தொடங்கிவிட்டது. அம்மரபில் வந்த குருதியியல் பேராசிரியர் அலோக் ஸ்ரீவாஸ்தவா, ஹீமோஃபிலியா என்னும் குருதி உறையாமை நோயில் உலகறிந்த வல்லுநர். உலக ஹீமோஃபிலியா கூட்டமைப்பின் சிகிச்சை நெறிமுறைகளை 2013-இலும் 2020-இலும் தலைமையேற்று வகுத்தவர். அக்கல்லூரியைச் சார்ந்த குருத்தணு ஆராய்ச்சி மையம் அவர் தலைமையில் வளர்ந்தது.

ஹீமோஃபிலியாவை முதலில் தெளிவாக எழுதிவைத்தவர்களுள் ஒருவர் அபுல் காசிம் அல்-சஹ்ராவி. கி.பி. 1000-ஆம் ஆண்டையொட்டி ஸ்பெயின் நாட்டுக் குர்துபாவில் வாழ்ந்த அவ்வறுவை மருத்துவர், தம் அத்-தஸ்ரீஃப் நூலில், சிறு காயத்திற்கும் குருதி நில்லாமல் ஆண்கள் இறக்கும் ஓர் ஊரைப் பற்றிக் குறித்துள்ளார். காரணம் அன்று தெரியவில்லை. குருதி உறைவதற்கு வேண்டிய எட்டாம் காரணி என்னும் புரதத்தின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றே. அது பழுதானால் மாற்று இல்லை. பெண்ணுக்கு இரண்டு, ஆகவே அவர் பெரும்பாலும் நோயின்றிப் பழுதை மட்டும் தாங்கி நிற்பார். நோயுற்றவர்க்கு வெளிக்காயத்தினும் கொடியது உட்கசிவு. முழங்காலிலும் முழங்கையிலும் குருதி கசிந்து கசிந்து, இளமையிலேயே மூட்டு முடங்கிவிடும். எட்டாம் காரணியை ஊசிவழி அடிக்கடி ஏற்றுவதே மருந்து. அது வாழ்நாள் முழுதும் தொடரவேண்டிய செலவு.

பேராசிரியர் ஸ்ரீவாஸ்தவா குழுவினர், அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக அறிஞரோடு இணைந்து, நடுவணரசின் உயிரித்தொழில்நுட்பத் துறை ஆதரவோடு, கடுமையான ஹீமோஃபிலியா உடைய ஐவருக்கு மரபணுச் சிகிச்சை அளித்தனர். 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் அதன் முடிவுகளை வெளியிட்டது. செய்த முறை இது: நோயாளியின் குருதியிலிருந்தே குருத்தணுக்களைப் பிரித்தெடுத்தனர். ஆய்வகத்தில், எட்டாம் காரணியின் மரபணுவைச் சுமந்த லென்டிவைரசை அவற்றுள் செலுத்தினர். பின்னர்க் கடும் மருந்து கொடுத்து நோயாளியின் பழைய மச்சையை வெறுமையாக்கி, திருத்திய குருத்தணுக்களை மீண்டும் ஏற்றினர். அவை மச்சையில் வேரூன்றிப் பெருகியபின், அவற்றின் வழிவந்த வெள்ளணுக்களில் ஒரு வகை எட்டாம் காரணியைச் சுரக்கத் தொடங்கியது.

முதற் பிரிவினர்க்குச் சுரப்பு குறைவாகவே இருந்தது. வைரஸ் எளிதில் நுழைய உதவும் ஊக்கியொன்றைச் சேர்த்துச் செய்த இரண்டாம் பிரிவினர்க்குக் கணிசமாக உயர்ந்தது. எனினும், ஐவரையும் சேர்த்துக் கணக்கிட்ட 81 மாதக் கண்காணிப்பில், ஆண்டுக் குருதிக் கசிவு விகிதம் சுழியம். மாதந்தோறும் மூட்டு வீங்கிப் படுத்தவர்க்கு இச்சுழியத்தின் பொருள் தெரியும்.

ஏ.ஏ.வி. முறையில் ஹீமோஃபிலியாவுக்கு மேனாடுகளில் மருந்து ஏற்கப்பட்டிருக்க, வேலூர் வேறு வழி தேர்ந்தது ஏன்? ஏ.ஏ.வி. சிகிச்சையில் எட்டாம் காரணியின் சுரப்பு ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைவது கண்டறியப்பட்டது; எதிர்ப்பொருள் உடையோர்க்கு அது பயன்படாது; கல்லீரல் வளரும் பருவத்துக் குழந்தைகளுக்கும் பொருந்தாது. குருத்தணுவில் தைத்த மரபணுவோ நிலைக்கும் என எதிர்பார்க்கப்படுகிறது. ஆனால், மச்சையை வெறுமையாக்கும் மருந்து எளியதன்று. அக்காலத்தில் தொற்று எளிதில் பற்றும். பிள்ளைப்பேற்றுத் திறனுக்கும் ஊறு நேரலாம். ஐவர் என்பது சிறு தொகை. பல ஆண்டுக் கண்காணிப்புக்குப் பின்னரே இறுதி கூற இயலும்.

இங்கு நம் பெரியோர்கள் எழுப்பக்கூடிய ஓர் ஐயத்தையும் குறிப்பிட வேண்டும். வேலூரில் பயன்பட்ட எட்டாம் காரணி மரபணு முற்றிலும் மனித வடிவன்று. பன்றியின் எட்டாம் காரணி மிகுதியாகச் சுரக்கும் இயல்புடையது என்பதை அறிந்த எமரி அறிஞர், மனித மரபணுவின் சில பகுதிகளை அதனையொத்து அமைத்தனர். பன்றியின் உடற்பொருள் எதுவும் நோயாளிக்கு ஏற்றப்படுவதில்லை. எழுத்துவரிசை மட்டுமே அதனைப் பார்த்து அமைந்தது. பன்றியிலிருந்து எடுத்த இன்சுலினையும் ஹெப்பாரினையும் முன்னிட்டு மார்க்க அறிஞர்கள் முன்னரே ஆய்ந்திருக்கின்றனர். இவ்வினாவிற்குத் தீர்ப்புக் கூறவேண்டியவர்கள் அவர்களே. ஆனால் அவர்கள்முன் வைக்கும் செய்தி சரியான செய்தியாக இருக்கவேண்டும். பன்றி இரத்தம் ஏற்றுகிறார்கள் என்று யாரேனும் கூறினால் அது பொய்.

விலை

லிஃப்ஜீனியாவுக்கு 31 இலட்சம் டாலர், காஸ்ஜெவிக்கு 22 இலட்சம் டாலர் என அமெரிக்காவில் விலை வைத்தனர். கூடலூர்ப் பணியர் குடியிருப்பில் வாழும் ஒருவர்க்கு இத்தொகையைத் தமிழில் எழுதிக் காட்டினாலும் அது எண்ணாகத் தோன்றாது. நோய் மிகுந்திருப்பது வறியோரிடம். மருந்து பிறப்பது செல்வரிடம். ஆதலால், வேலூர் ஆய்வின் சிறப்பு அறிவியற் புதுமையில் மட்டுமன்று. இந்நாட்டிலேயே இதனைச் செய்ய இயலும் எனக் காட்டியதிலும் உள்ளது. தில்லியிலுள்ள மரபணுவியல் மற்றும் ஒருங்கிணைந்த உயிரியல் நிறுவனம் அரிவாளணு நோய்க்கென உருவாக்கிய கிரிஸ்பர் சிகிச்சை, பிர்சா முண்டாவின் நினைவாக பிர்சா 101 எனப் பெயரிடப்பட்டு 2025 நவம்பரில் அறிமுகமானது. அது மக்களுக்குக் கிட்டும் நாள் வரவேண்டும்.

அதுவரை நோயாளிகள் காத்திருக்க வேண்டியதில்லை. ஹைட்ராக்சியூரியா என்னும் மாத்திரை கருக்கால ஹீமோகுளோபினை ஓரளவு உயர்த்தி வலியைக் குறைக்கிறது, விலையும் குறைவு. கூடலூரில் அஸ்வினி அமைப்பு நடத்தும் ஆதிவாசி மருத்துவமனை பல்லாண்டுகளாக இந்நோயினரைத் தேடிக் கண்டறிந்து மருந்தளித்து வருகிறது. கோத்தகிரியை மையமாகக் கொண்ட நீலகிரி ஆதிவாசி நலச் சங்கமும் இத்துறையில் உழைத்துள்ளது. எவ்வளவு பெரிய ஆய்வகமும், குடிசை தோறும் நடந்து குருதி எடுக்கும் செவிலியருக்கு மாற்றாகாது என்பது என் துணிபு.

திருமணப் பேச்சும் குருதிச் சோதனையும்

அரிவாளணுவும் தாலசீமியாவும் பழங்குடியினர் சிக்கல் மட்டுமே எனக் கருதி நாம் ஒதுங்கிவிட இயலாது. தாலசீமியா எல்லாச் சமயத்தாரிடமும் உண்டு. இந்தியாவில் காணும் அரிவாளணு மரபணு வகையே சவூதி அரேபியாவின் கிழக்குப் பகுதியிலும் காணப்படுகிறது. அதற்கு அரபு-இந்திய வகை என்றே பெயர். சவூதி அரசு 2004 முதல் திருமணத்திற்குமுன் இவ்விரு நோய்களுக்கும் குருதிச் சோதனையைக் கட்டாயமாக்கியது. அங்கு முடிவைத் தெரிவிப்பதோடு அரசு நின்றுகொள்கிறது. மணப்பதும் தவிர்ப்பதும் மணமக்கள் விருப்பம்.

நம்மிடையே அத்தை மகன், மாமன் மகள், பெரிய தந்தை, சிறிய தந்தை மக்கள் என உறவுக்குள் மணம் முடிப்பது வழக்கம். ஒரே பாட்டனாரின் பழுது இரு வழியாகவும் இறங்கி ஒரு குழந்தையில் கூடும் வாய்ப்பு இதனால் மிகுகிறது. உறவு மணம் யாவும் நோய் தரும் என்பதன்று. பழுது குடும்பத்தில் உண்டா என அறியாமல் முடிப்பதே இடர்.

இதில் மூன்று தவறான எண்ணங்கள் பரவியுள்ளன. ஒற்றைப் பழுது தாங்குபவரை நோயாளி எனக் கருதுவது ஒன்று. அவர் நோயாளி அல்லர்; பிறரைப் போலவே வாழ்வார்; அத்தகையவர் பழுதற்ற ஒருவரை மணந்தால் குழந்தைகளுள் எவர்க்கும் நோய் வாராது. சோதனை முடிவைக் காட்டி ஒரு பெண்ணைத் தள்ளிவைப்பது அறியாமை மட்டுமன்று, அநீதியும் ஆகும். தாங்குபவர் இருவரே மணக்கும்போது மட்டுமே, ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு நோயாக அமைகிறது. அடுத்தது, ஒரு குழந்தை நோயோடு பிறந்துவிட்டது, இனி மூன்று நலமாகப் பிறக்கும் என்னும் கணக்கு. ஒவ்வொரு கருவும் புதிய சீட்டு. முன் விழுந்த சீட்டை அது நினைவில் கொள்வதில்லை. மூன்றாவது, ஹீமோஃபிலியாக் குழந்தை பிறந்தால் தாயைப் பழிப்பது. தாய்வழி வருவது உண்மையே. ஆயின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நோயினர்க்குக் குடும்பத்தில் முன் வரலாறே இராது. புதிதாக நேர்ந்த எழுத்துப்பிழை அது. எழுதுகோல் பிடித்த எவரிடமும் நேரும் பிழையை ஒரு பெண்ணின் குற்றமாக்குவது எவ்வகையில் முறை?

2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோல் நகரில் தொடங்கப்பெற்ற தேசிய அரிவாளணுச் சோகை ஒழிப்பு இயக்கம், 17 மாநிலங்களில் 40 வயதுக்கு உட்பட்ட 7 கோடி மக்களைச் சோதித்து, 2047-க்குள் இந்நோயை ஒழிப்பதை இலக்காகக் கொண்டது. தமிழகமும் அம்மாநிலங்களுள் ஒன்று. சோதனை செய்துகொண்டவர்க்கு முடிவைக் குறித்த அட்டை ஒன்று தரப்படுகிறது. இருவர் அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் பிறக்கவிருக்கும் குழந்தையின் நிலை புலப்படும் வகையில் அது அமைக்கப்பட்டுள்ளது. நம் ஊர் ஜமாஅத்துகளின் திருமணப் பதிவேட்டில் மணமக்கள் வயதும் மஹர் தொகையும் எழுதப்படுகின்றன. நிக்காஹ்வுக்குச் சில மாதங்கள் முன்னரே இருவரும் அரசு மருத்துவமனையில் குருதிச் சோதனை செய்துகொள்ளுமாறு பள்ளிவாசல்கள் அறிவுறுத்தினால், அதற்குச் செலவாவது ஒரு காலைப்பொழுதுதான். முடிவு குடும்பத்தாருக்குள்ளேயே இருக்கலாம். அதனைப் பதிவேட்டில் எழுதவேண்டிய தேவையில்லை.